இரண்டு மணி பஸ்ஸும் மூன்று வேட்பாளர்களும்

மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடு என்று சீனியர் கேட்டார். இருபது வருஷம் அந்த மாடியில் குப்பை கொட்டியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. முதுகெலும்பில் ஒரு வட்டு நகர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதால் ஐம்பத்து நாலு வயதிலேயே வேலையை விட்டவன் நான். எனக்கு முதுகெலும்பு இருக்கிறது என்பதே எக்ஸ்ரே வந்த பிறகுதான் தனக்குத் தெரியும் என்று சீனியர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் பெரிய வக்கீல், மையத்தின் தலைவர். அவர் ஜோக்குக்குச் சிரித்தாக வேண்டும். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

மனு எப்படி எழுதுவது, எந்த கோர்ட்டில் எந்த ஜன்னலில் நீட்டுவது என்பதெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியும். நான் செய்த ஒரு தப்பை மட்டும் சொல்கிறேன். ஒன்று என்று சொல்வதும் பொய். இரண்டு தப்பு. முதல் தப்பு வெளியே வந்தபோது இரண்டாவதையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

நம் மையம் செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் பின்னால் சைக்கிள் கடை மாடியில் ஆரம்பித்தது உங்களுக்குத் தெரியும். வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக வழக்கு நடத்தும் இடம். நான் வக்கீலும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை. வருகிறவர் சொல்வதைக் கேட்டு மனுவாக எழுதுகிறவன். எல்லோரும் என்னை ரைட்டர் என்பார்கள்.

அழுதுகொண்டே வருகிறவரை இன்னும் கொஞ்சம் அழவைத்துக் காகிதத்தில் இறக்குவதுதான் என் தொழில். இலவசமாக வழக்கு நடத்த வேண்டுமென்றால் ஆள் கதியற்றவர் என்று காட்டியாக வேண்டும் இல்லையா? அதனால் முதல் பத்தி எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். 'மனுதாரராகிய நான் மிகவும் ஏழை, ஆதரவற்றவர், விவரம் அறியாதவர், வேறு போக்கிடம் இல்லாதவர்.' என் முதல் பத்தியைப் படித்து ஒரு நீதிபதி கண் கலங்கினார் என்று அந்தக் காலத்தில் ஒரு பேச்சு உண்டு. அன்று அந்த அறையில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நான் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். வந்தவர் அங்கே கையெழுத்துப் போடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டதில்லை. படித்துப் பாருங்கள் என்று நானும் சொன்னதில்லை. அதற்கு நம்பிக்கை என்று பேர் வைத்திருந்தோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் மையத்தின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. குழுவில் இருப்பது வக்கீல்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள், ஏன் என்று யாருக்கும் தெரியாமல் ஒரு பல் டாக்டர். நம்மிடம் வழக்குக்கு வந்தவர்களில் ஒருத்தர்கூட இல்லையே? அதனால் ஒரு இடத்தை அவர்களுக்கு ஒதுக்குவது, அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது என்று முடிவானது. தேர்தல் அதிகாரியாக என்னைப் போட்டார்கள். அந்த முடிவு எடுத்தபோது நான் டீ சொல்லக் கீழே போயிருந்தேன்.

மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் திருக்கழுக்குன்றத்தில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பேசும்போதுகூட முற்றுப்புள்ளி வைத்துப் பேசுவார். இரண்டாவது ஜெயராமன், கல்பாக்கத்தில் கான்டிராக்ட் எலெக்ட்ரீஷியன். மூன்றாவது செய்யூர் பக்கத்து அந்தோணியம்மா. சவுக்குத் தோப்பில் மரம் வெட்டும் கூலிப் பெண்கள் முப்பது பேருக்கு மேஸ்திரி.

மற்ற இரண்டு பேரும் எதற்காக நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. நாற்காலி என்று ஒன்று இருந்தால் அதில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று தோன்றுவது மனித இயல்பு. அந்தோணியம்மா எதற்காக நின்றார் என்பது தெரியும். செய்யூரில் சர்ச்சுக்குப் பக்கத்து அறையில் வாரா வாரம் வியாழக்கிழமை நம் மையம் ஒரு முகாம் நடத்திவந்தது. அதை மூடிவிடலாம் என்று குழுவில் பேச்சு எழுந்திருந்தது. மூன்று மாதத்தில் பதினோரு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்று பதிவேடு சொன்னது. மூடிவிட்டால் அந்தப் பெண்கள் பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் புருஷன் அடித்ததற்கும் ஒரு நாள் கூலியை விட்டு, காலையில் நேர் பஸ் இல்லாததால் இரண்டு பஸ் மாறிச் செங்கல்பட்டுக்கு வர வேண்டும். வரமாட்டார்கள். அடியை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறார்கள். அதற்குள் குழுவில் ஒரு ஆளாக உட்கார வேண்டும் என்பது அந்தோணியம்மாவின் கணக்கு.

அந்த வியாழக்கிழமை முகாமுக்குப் போய்வந்த ஆள் யார் என்று கேட்கிறீர்களா? பதிவேடு எழுதியது யார்? அவசரப்படாதீர்கள், வருகிறேன்.

படிக்கத் தெரியாதவர்களும் ஓட்டுப் போடுவதால் சின்னம் வேண்டியிருந்தது. சின்னம் வரைகிற வேலையும் என் தலையில்தான்.

"எழுதுகோல் ஒன்று வரையுங்கள். கூர்மையாக இருக்கட்டும்" என்றார் தலைமையாசிரியர். வரைந்தேன்.

"நமக்கு பல்பு குடுங்க பாஸ். நம்ம லைனே அதானே" என்றார் ஜெயராமன். வரைந்தேன்.

அந்தோணியம்மா பஸ் கேட்டார். நான் கஷ்டப்பட்டு வரைந்து நீட்டியதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா ரைட்டரே, பஸ்ஸு கேட்டா ரொட்டிய வரைஞ்சி வச்சிகிற?"

"பஸ்ஸுதான்க்கா. சக்கரம் கீது பாரு."

"சக்கரம் வச்ச ரொட்டி. சரி, உடு. எங்க ஊரு பொம்பளைங்களுக்கு பஸ்ஸுன்னாலே அப்பிடித்தான். தூரத்துல பாக்கறதோட சரி." ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார். "நான் உன்னாண்ட சொன்னனே, முகாம சாயங்காலத்துக்கு மாத்துன்னு. மேல சொன்னியா?"

"சொல்லிகினுதான் கீறேன்க்கா" என்றேன். சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

தேர்தலுக்கு முந்தின நாள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பக்கத்தில் அறிமுகம் எழுதி, கூட்டத்தில் நான் மைக்கில் படிக்க வேண்டும். தலைமையாசிரியர் தன்னைப் பற்றி முழு நோட்டு ஒன்றை நிரப்பிக் கொடுத்துவிட்டார், அதை ஒரு பக்கமாகச் சுருக்குவதற்குள் விடிந்துவிடும். ஜெயராமன், "நீங்களே பாத்துப் போட்டுக்குங்க பாஸ்" என்று சைக்கிள் ஏறிவிட்டார். அந்தோணியம்மா எதிரில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். தலையாட்டுவது வேறு, கேட்பது வேறு. இதை நீங்கள் சீக்கிரமே கற்றுக்கொள்வீர்கள், கெட்ட பழக்கங்களெல்லாம் சீக்கிரம் வரும்.

அவர் போன பிறகு காகிதத்தை எடுத்தால் ஒரு வரியும் வரவில்லை. பத்துப் பதினோரு வருஷம் அழுகையே எழுதினவனிடம் ஒருத்தரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுது என்றால் எங்கே போவான்? பீரோவைத் திறந்தேன். மூன்று பேரும் எப்போதோ நம்மிடம் வழக்குக்கு வந்தவர்கள், மூன்று பேருடைய பழைய கோப்பும் இருந்தது. ஆளைப் பற்றி முதல் பத்தியில் தயாராக இருக்கிறதே! எடுத்து அப்படியே டைப் அடித்தேன். கடைசியில் மட்டும், 'ஆகவே எனக்கு வாக்களிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று சேர்த்தேன். அடித்து முடித்தபோது என் கண்ணே கொஞ்சம் கலங்கியது.

மறுநாள் காலை மூன்று பேரும் பென்சில் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வழக்கம்போல யாரும் படிக்கவில்லை. தலைமையாசிரியர் படித்திருப்பார். கண்ணாடியை மறந்து வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

கூட்டம் திருக்கழுக்குன்றத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில். எல்லாப் பக்கத்திலிருந்தும் பஸ் வரும் என்று அங்கே வைத்தோம். முந்தின முகூர்த்தத்தின் வாழைமரமும் மேடையில் மாப்பிள்ளை பெண் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலி இரண்டும் அப்படியே இருந்தன. பின்னால் தெர்மோகோலில் யாரோ இரண்டு பேருடைய பெயரும் நடுவில் ஒரு இதயமும். வேட்பாளர்கள் மூன்று, வெல்வெட் நாற்காலி இரண்டு.

"அதுல குந்துனா எழுந்துக்கறது கஷ்டம். நீங்க குந்துங்க" என்று அந்தோணியம்மா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தலைமையாசிரியரும் ஜெயராமனும் இதயத்துக்குக் கீழே ஜோடியாக உட்கார்ந்தார்கள்.

"ஜோடி நல்லாகீது. சாப்பாடு எத்தினி மணிக்கு?" என்று பின் வரிசையில் ஒரு குரல்.

நான் மைக்கைப் பிடித்துத் தலைமையாசிரியரின் அறிமுகத்தைப் படித்தேன். "நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். வயோதிகத்தாலும் ரத்தக் கொதிப்பாலும் எழுந்து நடமாட இயலாத நிலையில், என் உடன்பிறந்த தம்பியால் வஞ்சிக்கப்பட்டு, கதியற்று நிற்கிறேன்."

எழுந்து நடமாட இயலாதவர் வெல்வெட் நாற்காலியிலிருந்து ஒரே தாவலாகத் தாவி மைக்குக்கு வந்தார். "என்னப்பா இது? நான் தினமும் காலையில் மலைப்படி முழுவதும் ஏறி வேதகிரீஸ்வரரைத் தரிசித்து வருகிறவன்! என் தம்பி அதோ உட்கார்ந்திருக்கிறான்!"

தம்பி மூன்றாவது வரிசையில் எழுந்து நின்றார். வழக்கு ராஜியாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. அண்ணனுக்கு ஓட்டுக் கேட்க ஆள் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார்.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். உங்களுக்குத் தோன்றுகிறது, எனக்கும் இப்போது தோன்றுகிறது. மேடையில் நிற்பவனுக்குத் தோன்றாது. ஒரு தப்பு நடந்துவிட்டால் அடுத்ததை வேகமாகச் செய்து முடித்தால் முதல் தப்பு மறந்துபோகும் என்றுதான் தோன்றும். வேகமாக ஜெயராமனுடையதைப் படித்தேன்.

"நான் தினக்கூலி. வீட்டு உரிமையாளரால் பெட்டி படுக்கையுடன் தெருவில் தள்ளப்பட்டு, இரண்டு பெண் குழந்தைகளுடன் செய்வதறியாது தவிக்கிறேன்."

"எவன் எழுதனது இத?" ஜெயராமனின் மனைவி முன் வரிசையில் எழுந்தார். "சொந்த வூடு கட்டி கிரகப் பிரவேசம் பண்ணி எத்தினி வருசம் ஆவுது! அதே ரைட்டரு வந்து பந்தியில ரெண்டு தபா பாயசம் வாங்கிக் குடிச்சாரு!"

உண்மை. குடித்தேன்.

"யோவ், மூணாவது ஆளு உயிரோட கீதா பாருய்யா" என்றது பின் வரிசை. மண்டபமே சிரித்தது. சீனியர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டிருந்தார், தோள் மட்டும் குலுங்கியது.

கையிலிருந்தது மூன்றாவது காகிதம். வாய் பாட்டுக்குப் படித்தது. "நான் ஆதரவற்ற விதவை. எழுதப் படிக்கத் தெரியாதவள். விவரம் அறியாதவள். வேறு போக்கிடம் இல்லாதவள்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. செய்யூரிலிருந்து வந்திருந்த பெண்கள் வலது பக்கம் மொத்தமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் என்னையும் பார்க்கவில்லை, அந்தோணியம்மாவையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்கள். மற்ற இரண்டும் ஜோக். இது அப்படி இல்லை, ஊரில் பாதிப் பேர் அவர்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்ததுதான்.

அந்தோணியம்மா எழுந்து வந்து என் கையிலிருந்த காகிதத்தை வாங்கினார். கண்ணுக்கு நேரே பிடித்து, மைக்கில், நிறுத்தி நிறுத்தி அவரே ஒரு தடவை வாசித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவள் என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தார். கடைசியில் தன் கையெழுத்தையும் வாசித்தார்.

"இது யாரு ரைட்டரே?"

நான் காகிதத்தின் அடியில் இருந்த என் பென்சில் குறியைப் பார்த்தேன்.

"முப்பது ஆளுக்கு தெனமும் கூலிக் கணக்கு, மஸ்டரு யாரு எழுதறது? உங்கப்பனா?" பெண்கள் பக்கம் ஒரு தலை நிமிர்ந்தது. "பட்டாவுக்கு வந்தப்ப நான் அப்பிடித்தான் இருந்தன். புருசன் செத்து மூணு மாசம். நீ எழுதனது அன்னிக்கி சரி. பட்டா வாங்கிக் குடுத்த, அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அதுக்கப்புறம் நான் ஒரு நாளுகூட எழுந்திருக்கலன்னு நெனைச்சிகினியா?"

காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். "எம் பேரு அந்தோணியம்மா. வெட்டாளுங்களுக்கு மேஸ்திரி. வியாழக்கெழம முகாம மூடக்கூடாது. அதுக்குத்தான் நிக்கறேன். வேற ஒண்ணும் எனக்குச் சொல்லத் தெரியாது."

அறிமுகம் என்றால் இதுதான். அரைமணி நேரம் என் எதிரில் உட்கார்ந்து இதைத்தான் சொல்லியிருப்பார் போல.

தலைமையாசிரியர் விடவில்லை. அவர் கெட்டவர் இல்லை, காகிதத்தை நம்புகிறவர். "அம்மாவின் ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆனால் மூன்று மாதத்தில் வந்தவர்கள் பதினோரு பேர். அந்த நாளை வேறு ஊருக்குக் கொடுத்தால் நாற்பது பேர் வருவார்கள். நான் சொல்லவில்லை, பதிவேடு சொல்கிறது. பதிவேடு பொய் சொல்லாது."

கைதட்டல் விழுந்தது. நியாயமாகத்தானே இருந்தது? இடது பக்கம் உட்கார்ந்திருந்த மற்ற ஊர்க்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அந்தோணியம்மா அவருக்குப் பதில் சொல்லவில்லை. என்னிடம் திரும்பினார். "பதிவேடு எழுதறது நீதான? ஒண்ணே ஒண்ணு கேக்கறன். செய்யூர்லேர்ந்து எத்தினி மணி பஸ்ஸுக்குத் திரும்பற?"

எனக்குத் தப்பிக்க வழி இருந்தது. நானே எழுதிய தேர்தல் விதிகளில் ஏழாவது விதி: தேர்தல் அதிகாரி எந்த வேட்பாளருக்கும் சாதகமாகவோ பாதகமாகவோ எதுவும் பேசக் கூடாது. அதைச் சொன்னேன். நல்ல கணீரென்று சொன்னேன்.

"விதி சரிதான்" என்று சீனியரும் தலையாட்டினார்.

"ஓ. விதியா" என்றார் அந்தோணியம்மா. போய்த் தன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கெஞ்சவும் இல்லை, கத்தவும் இல்லை.

இப்போது உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். அந்த முகாமுக்கு நான் காலை பதினோரு மணிக்குப் போவேன். இரண்டு மணிக்குச் செங்கல்பட்டுக்கு நேர் பஸ் ஒன்று உண்டு. அதை விட்டால் ஏழரைக்குத்தான். இரண்டு மணி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்கும். அதில் ஏறினால் நாலு மணிக்கு முன்னால் கோர்ட் வாசலில் இறங்கலாம். நாலு மணிக்கு அங்கே ஒரு கடையில் மசால் வடை முதல் ஈடு எடுப்பார்கள். வெட்டாள்கள் தோப்பிலிருந்து திரும்புவதும் நாலு மணிக்குத்தான். அவர்கள் மனுவும் கையுமாக வந்து பூட்டின கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் நான் வடையை ஊதி ஊதித் தின்றுகொண்டிருப்பேன். பதிவேட்டில் பதினோரு பேர் இருந்ததன் ரகசியம் இவ்வளவுதான். பதிவேடு பொய் சொல்லவில்லை, பஸ் ஏறிப் போய்விட்டது.

மைக் இன்னும் என் கையில் இருந்தது. விதியைச் சொன்னால் யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. முகாமை மூடிவிடுவார்கள், வியாழக்கிழமை எனக்கு மிச்சம். பேசினால் வேலை போனாலும் போகலாம். ஏதோ பெரிய மனசாட்சி வந்து உலுக்கியது என்று எழுத ஆசைதான். அதெல்லாம் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்களில் ஒருத்தி மெதுவாகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், கிளம்புவதற்கு. நான் இருப்பேன் என்று நினைத்து வந்து, பூட்டின கதவுக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்பியபோதும் அப்படித்தான் பையை எடுத்திருப்பாள் என்று பட்டது. அவ்வளவுதான்.

"ரெண்டு மணி பஸ்ஸு" என்றேன். மைக் கீச்சென்று கத்தியது.

அந்தோணியம்மா உட்கார்ந்தபடியே கேட்டார். "வெட்டாளுங்க எத்தினி மணிக்கு வருவாங்கன்னு தெரியுமா?"

"நாலு."

"தெரிஞ்சிகினேவா?"

"தெரிஞ்சிதான்க்கா."

"ஏன்யா ரெண்டு மணி பஸ்ஸு?" என்று பின் வரிசைக் குரல் கேட்டது. என் வாயில் பதில் வந்துவிட்டது, வடையோடு சேர்ந்து. ஆனால் அந்தோணியம்மா குறுக்கே கையை நீட்டிவிட்டார். "போதும். நேரந்தான் தெரியணும், வந்துடுச்சி. ஓட்டப் போடுங்க."

போட்டார்கள். நானே எண்ணினேன். சக்கரம் வைத்த ரொட்டி ஏழு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. ஜெயராமன் தன் ஆட்களையே ரொட்டிக்குத் திருப்பிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கல்பாக்கத்தில் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்குப் பூட்டின கதவைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை.

தலைமையாசிரியர் மறுநாள் மையத்துக்கு வந்தார். "தேர்தல் அதிகாரி ஏழாவது விதியை மீறியிருக்கிறார். நான் புகார் கொடுக்க வேண்டும்."

"கொடுங்க சார்."

"யார் எழுதுவார்கள்?"

மாடியில் என்னைத் தவிர யாரும் இல்லை. உட்காருங்கள் என்றேன். என் மேல் நானே புகார் எழுதினேன். ஆனால் இந்தத் தடவை அவர் சொன்னதைக் கேட்டு எழுதினேன், கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவும் சொன்னேன். 'மேற்படி தேர்தல் அதிகாரி தன் சொந்தச் சோம்பேறித்தனத்தால் பதிவேட்டைக் கெடுத்து, அதைத் தேர்தல் மேடையிலேயே வெளியிட்டு' என்று போகும். அவர் படித்துவிட்டு, "சோம்பேறித்தனம் என்று நான் சொல்லவில்லையே?" என்றார். அது என் பங்கு என்றேன். "நடை நன்றாக இருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டார்.

குழு விசாரித்தது. நான் சொன்னது உண்மை என்பதால் தேர்தல் செல்லும், விதியை மீறியதற்காக எனக்கு எழுத்தில் ஒரு கண்டனம். அதையும் நானேதான் டைப் அடித்தேன். "இனிமே தேர்தல் வேல உனக்குக் கெடையாது" என்றார் சீனியர். "வியாழக்கெழம வேல உண்டு." அந்தோணியம்மா குழுவில் உட்கார்ந்து போட்ட முதல் தீர்மானம் அது: செய்யூர் முகாம் மாலை நாலரையிலிருந்து ஏழு வரை, பொறுப்பு ரைட்டர். பல் டாக்டர் வழிமொழிந்தார். அவர் குழுவில் எதற்கு இருந்தார் என்று அன்று தெரிந்தது.

முதல் வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் பத்தொன்பது பேர் வந்தார்கள். ஏழரை பஸ்ஸில் ஒன்பது வருஷம் நின்றுகொண்டே வந்தேன். என் முதுகு வட்டு நகர்ந்தது அந்த பஸ்ஸில்தான் என்று டாக்டரிடம் சொன்னேன். அதற்கு நம் மையத்தில் வழக்குப் போட முடியுமா என்று கேட்டார்.

இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது என்பது உங்கள் பாடு. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒருத்தரை வழக்குக்காக ஏழை என்று எழுதுகிறோம். வழக்கு முடிந்த பிறகும் அந்தக் காகிதம்தான் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்காவது யாரும் வருவதில்லை என்று பதிவேடு சொன்னால், எழுதினவர் எத்தனை மணி பஸ்ஸுக்குத் திரும்புகிறார் என்று முதலில் கேளுங்கள்.

போன மாதம் மாடியில் எனக்குப் பிரிவு உபசாரம் நடந்தபோது நீங்கள் இன்னும் சேரவில்லை. அந்தோணியம்மா செய்யூரிலிருந்து வந்திருந்தார். இப்போது மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார். இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, எழுந்து நின்று வாசித்தார்.

"மேற்படி ரைட்டராகிய இவரு, வயோதிகத்தாலயும் முதுகு வலியாலயும் எழுந்து நடமாட முடியாதவரு. எழுதப் படிக்கத் தெரிஞ்சும் வெவரம் தெரியாதவரு. வேற போக்கிடம் இல்லாதவரு. ரெண்டு மணி பஸ்ஸுக்கும் கோர்ட்டு வாசல் மசால் வடைக்கும் ஆசப்பட்டு..."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வடை விஷயத்தை நான் ஒரு ஜீவனிடமும் சொன்னதில்லை.

பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் கேட்டேன். "யாருக்கா சொன்னது?"

"ரெண்டு மணி பஸ்ஸு கண்டக்டரு எங்க ஊருப் புள்ள. வடைக்கடையாண்ட நிறுத்தச் சொல்லி நீ விசிலு அடிக்கச் சொல்லுவியாமே?"

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"எலெக்சனுக்கு முன்னாடியே."

"அன்னிக்கி மேடையில கேட்டிருக்கலாமே. அத்தினி பேரு முன்னாடி."

"கேட்டிருந்தா ஊரே சிரிச்சிருக்கும். நீ அன்னிக்கே வேலைய உட்டுட்டு ஓடியிருப்ப." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "அப்பறம் நாலர மணிக்கு யாரு வர்றது?"

காகிதத்தை என் முன்னால் வைத்தார். கீழே, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. நான் பேனாவைத் திறந்தேன். அவர் காகிதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"படிச்சிட்டுப் போடு."

படித்தேன். ஒரு வரியும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. போட்டேன்.